லேடி ஹாமில்டன் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

குழு: தாத்தா வீட்டுக் கிளைகள்

விஜயா பெரியம்மா, மாலை 6:12
நேற்று இரவு ‘லேடி ஹாமில்டன்’ படத்தை மறுபடியும் பார்த்தேன். 1941-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். விவியன் லீ, லாரன்ஸ் ஒலிவியர். முடிந்த பிறகு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. நேரம் கிடைத்தால் எல்லாரும் பாருங்கள்.

நித்யா, 6:15
பெரியம்மா, அமெரிக்காவில் அதற்கு வேறு பெயர்தானே? ‘தட் ஹாமில்டன் வுமன்’ என்று எங்கோ பார்த்தேன். கதை என்ன?

விஜயா பெரியம்மா, 6:21
அதே படம்தான். முதல் காட்சியில் பிரான்சின் கலே துறைமுகம். கிழிந்த உடையோடு வயதான ஒருத்தி மதுப் பாட்டிலைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள். பிடித்துச் சிறையில் தள்ளுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் தான் யார் என்று சொல்லத் தொடங்குகிறாள். அவள்தான் லேடி ஹாமில்டன், எம்மா. இங்கிலாந்தின் தூதர் மனைவியாக இத்தாலியின் நேப்பிள்ஸ் அரண்மனையில் அரசியோடு சரிசமமாக உட்கார்ந்தவள். கடற்படைத் தளபதி நெல்சனின் காதலி.

விஜயா பெரியம்மா, 6:22
இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கல்யாணம் ஆகியிருந்தது. ஐரோப்பா முழுக்க இதுதான் பேச்சு.

சேகர் மாமா, 6:30
அக்கா, அவள் பிறந்த கதையையும் சொல்லுங்கள். 1765-ல் செஷயரில் நெஸ் என்ற ஊரில் ஒரு கொல்லரின் மகளாகப் பிறந்தாள். இயற்பெயர் ஏமி லயன். கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா போய்விட்டார். வீட்டு வேலை செய்து லண்டன் வந்து, கிரெவில் என்ற பெரிய இடத்துப் பையனிடம் சேர்ந்தாள். அவனுக்குக் கடன். பணக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் 1786-ல் இவளை நேப்பிள்ஸில் தூதராக இருந்த தன் மாமா சர் வில்லியம் ஹாமில்டனிடம் அனுப்பிவிட்டான். அவன் பின்னாலேயே வருவான் என்று இவள் காத்திருந்தாள்.

நித்யா, 6:33
ஒரு பெண்ணை அப்படியே கைமாற்றி விட்டானா?

சேகர் மாமா, 6:35
ஆமாம் நித்யா. ஐந்து வருஷம் கழித்து, 1791-ல், சர் வில்லியம் அவளை முறைப்படி மணந்தார். அவருக்கு 60 வயது, அவளுக்கு 26.

விஜயா பெரியம்மா, 6:38
படத்தில் அந்த வீட்டு ஜன்னல் வழியாக வெசூவியஸ் எரிமலை தெரியும். சர் வில்லியம் பழைய ஜாடி, சிலை எல்லாம் சேர்ப்பவர். அவளையும் அந்த வரிசையில்தான் வைத்துப் பார்க்கிறார். ஆலன் மவ்ப்ரே நடித்திருக்கிறார். கெட்டவராகக் காட்டாமல், அந்தக் குளிர்ச்சியை மட்டும் காட்டியது எனக்குப் பிடிக்கும்.

லதா அத்தை, 6:44
அண்ணி, நானும் போன வருஷம் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். நெல்சனின் மனைவியை ஏன் அப்படிக் காட்ட வேண்டும்? இறுகிய முகம், வெடுக்கென்ற பேச்சு. அவள் அப்படி இருந்ததால்தான் அவன் போனான் என்று நம்மை நம்ப வைக்கிறார்கள்.

லதா அத்தை, 6:46
1797-ல் டெனெரிஃப் தீவுச் சண்டையில் வலது கையை இழந்து வந்தவனுக்குத் தினமும் காயம் கட்டியவள் அந்த ஃபேனிதான். படத்தில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை.

விஜயா பெரியம்மா, 6:50
நியாயம்தான் லதா. கிளாடிஸ் கூப்பர் நன்றாக நடித்திருக்கிறார், ஆனால் எழுதியவர்கள் அந்தப் பாத்திரத்துக்கு இடம் கொடுக்கவில்லை. எனக்கும் அது உறுத்தும்.

சேகர் மாமா, 6:52
லதா சொல்வதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. பிரிந்த பிறகு, 1801 டிசம்பரில், திரும்பி வந்துவிடுங்கள், சேர்ந்து வாழலாம் என்று ஃபேனி கடிதம் எழுதினாள். தவறுதலாகப் பிரிக்கப்பட்டது, படிக்கப்படவில்லை என்று குறிப்பு எழுதி அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

லதா அத்தை, 6:53
ஐயோ.

நித்யா, 6:58
இந்தக் காலத்துக்கே பெரிய விஷயம். 1941-ல் சென்சார் எப்படி விட்டார்கள்?

விஜயா பெரியம்மா, 7:04
சும்மா விடவில்லை. ஹாலிவுட்டில் அப்போது தயாரிப்பு விதிகள் கடுமை. கல்யாணத்துக்கு வெளியே உள்ள உறவை அழகானதாகக் காட்டக் கூடாது. அதனால்தான் நெல்சனின் அப்பா, பாதிரியார், மகனைக் கண்டிக்கும் காட்சியைச் சேர்த்தார்கள். சிறையில் தொடங்கும் கதையும் அதற்குப் பொருந்தி வந்தது. தப்பு செய்தவள் கடைசியில் இப்படித்தான் கிடப்பாள் என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்தக் காட்சியில் தண்டனை தெரியவில்லை. இவ்வளவு அனுபவித்தவளை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லையே என்ற வருத்தம்தான் வருகிறது.

விஜயா பெரியம்மா, 7:06
நடித்தவர்களின் கதையும் அதுவேதான். விவியன் லீக்குக் கணவரும் மகளும் இருந்தார்கள், ஒலிவியருக்கு மனைவியும் மகனும். விவாகரத்து ஆகி 1940 ஆகஸ்ட் 31-ல் கலிஃபோர்னியாவில் கல்யாணம். அடுத்து இந்தப் படம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை நடிப்பாகவே தெரியாது.

நித்யா, 7:07
விவியன் லீ பிறந்தது டார்ஜிலிங்கில்! இப்போதுதான் பார்த்தேன், 1913.

கார்த்தி அண்ணா, 7:15
இப்போதுதான் குழுவைத் திறந்தேன் அம்மா. சர்ச்சிலுக்கு மிகவும் பிடித்த படம் இது. 1941 ஆகஸ்டில் ரூஸ்வெல்ட்டைச் சந்திக்கப் போகும்போது ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ போர்க்கப்பலில் மாலுமிகளோடு உட்கார்ந்து பார்த்தார். அது அவருக்கு ஐந்தாவது தடவை. அப்போதும் கண் கலங்கினாராம்.

கார்த்தி அண்ணா, 7:17
அதே கப்பல்தான் டிசம்பர் 10-ல் நான் இருக்கும் இந்த மலேசியக் குவாந்தானுக்கு அப்பால் கடலில் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது. அன்று படம் பார்த்த பையன்களில் எத்தனை பேர் அதில் போனார்களோ. கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் நினைவு வரும்.

சேகர் மாமா, 7:22
படத்தை எடுத்த அலெக்சாண்டர் கோர்டாவின் நோக்கமும் போருக்கு ஆதரவு திரட்டுவதுதான். அமெரிக்கா அப்போது போரில் இல்லை. சர்வாதிகாரியோடு சமாதானம் பேச முடியாது, அவனை அழிக்கத்தான் வேண்டும் என்று நெல்சன் பேசுவது நெப்போலியனைப் பற்றி. கேட்டவர்களுக்கு ஹிட்லர்தான் தெரிந்தான்.

நித்யா, 7:23
கடல் சண்டை எப்படி எடுத்தார்கள் மாமா?

சேகர் மாமா, 7:25
ஸ்டுடியோவில் தொட்டி கட்டி, சின்ன மாதிரிக் கப்பல்களை விட்டு. முழுப் படமும் சுமார் ஆறு வாரத்தில் முடிந்தது. ஒலிப்பதிவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

விஜயா பெரியம்மா, 7:31
எனக்குச் சண்டையை விட அந்த நடுராத்திரிக் காட்சிதான். 1799-ன் கடைசி இரவு. மணி அடிக்கும்போது மாடத்தில் முத்தமிடுகிறார்கள், ஒரு நூற்றாண்டிலிருந்து இன்னொரு நூற்றாண்டுக்குப் போய்விட்டதாக நெல்சன் சொல்கிறான்.

சேகர் மாமா, 7:32
கணக்குப்படி புது நூற்றாண்டு 1801-ல்தான் தொடங்கும் அக்கா.

விஜயா பெரியம்மா, 7:33
காதலர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம் தம்பி.

சேகர் மாமா, 7:40
சரி. ஆனால் படம் மறைத்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அதே 1799 ஜூனில் நேப்பிள்ஸ் புரட்சியை ஒடுக்கும்போது, புரட்சிக்காரர்கள் பக்கம் சேர்ந்த அட்மிரல் கராச்சியோலோவை அவசர விசாரணை நடத்திக் கப்பல் பாய்மரக் கட்டையில் தூக்கிலிட நெல்சன் உத்தரவிட்டார். எம்மாவும் அரசியின் பக்கம்தான். படத்தில் அந்த வருஷம் முழுக்க நிலவும் மாடமும்தான்.

விஜயா பெரியம்மா, 7:44
மறுக்கவில்லை. அதைக் காட்டியிருந்தால் இரண்டு பேரும் இன்னும் மனிதர்களாகத் தெரிந்திருப்பார்கள்.

நித்யா, 7:46
நெல்சன் இறந்த பிறகு எம்மாவுக்கு நாடு எதுவும் செய்யவில்லையா?

விஜயா பெரியம்மா, 7:55
இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து மனது அடித்துக்கொள்கிறது. 1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் சண்டைக்கு முன் நெல்சன் தன் உயிலோடு ஒரு குறிப்பு எழுதிச் சேர்த்தார். எம்மாவையும் மகள் ஹொரேஷியாவையும் அரசரும் நாடும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. அன்று மதியம் சுடப்பட்டார். நாடு என்ன செய்தது? நெல்சனின் அண்ணனுக்கு ஏர்ல் என்ற பிரபுப் பட்டமும் வருஷத்துக்கு 5,000 பவுண்டும். ஃபேனிக்கு 2,000 பவுண்டு. எம்மாவுக்கு ஒரு காசு இல்லை. கடனுக்காகச் சிறை, அப்புறம் கலேக்கு ஓட்டம், 1815 ஜனவரி 15-ல் மரணம்.

லதா அத்தை, 8:02
ஃபேனிக்குக் கொடுத்தது சரிதான் அண்ணி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அண்ணன் எம்மா வீட்டு விருந்தில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பார். அவர்கூடவா கைவிட்டார்?

சேகர் மாமா, 8:03
கைவிட்டார்.

நித்யா, 8:06
ஹொரேஷியா அப்போது எங்கே இருந்தாள்?

விஜயா பெரியம்மா, 8:11
கலேயில் அம்மாவோடுதான். 1801 ஜனவரியில் பிறந்தவள். அம்மா கண்ணை மூடும்போது அவளுக்குப் 14 வயதுகூட நிறையவில்லை. கடைசி வரை கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். எம்மாதான் தன் அம்மா என்பதை மட்டும் அவள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. படத்தில் அந்தச் சிறை அறையில் மகள் இல்லை, பக்கத்தில் யாரோ ஒரு பெண்தான்.

லதா அத்தை, 8:19
அண்ணி, எனக்கு அந்தப் படத்தின் இணைப்பை அனுப்புங்கள். நிறுத்திய இடத்திலிருந்து இல்லை, முதலிலிருந்து பார்க்கிறேன்.

விஜயா பெரியம்மா, 8:20
இதோ அனுப்புகிறேன் லதா. ஃபேனி வரும் காட்சிகளை நானும் இந்தத் தடவை கவனித்துப் பார்க்கிறேன்.