ஃபைபர் படகில் போட்ட ஒட்டு ஏன் உரிகிறது? வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடலூர்:

ஒட்டுப் போட்ட இடம் ஒரு சீசன்கூடத் தாங்காமல் உரிந்தால் ரெசின் (இழையை ஒட்டி இறுகும் பிசின்) விற்ற கடைக்காரரைத்தான் முதலில் திட்டுவார்கள். உரிந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வழவழவென்று இருந்தால் சரியாகத் தேய்க்கவில்லை. வெளுத்துப்போய் ஈரம் கசிந்தால், காயாத படகில் போட்டிருக்கிறார்கள். பழைய படகின் இழையும் பிய்ந்து கூடவே வந்திருந்தால் ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருக்கிறது. கோளாறு வேறு இடத்தில்.

கடலில் ஓடிய படகின் விரிசலுக்குள் உப்பு ஏறியிருக்கும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அதனால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவிய பிறகே வெயிலில் போட வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு பாலிதீன் துண்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

அடுத்து, சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று கேட்டால் நல்ல இடம். அமுங்கின சத்தம் வந்தால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. வெளியே தெரியும் விரிசல் ஒரு சாண் என்றால் பிரிந்த இடம் இரண்டு சாண் இருப்பது சகஜம். வெளுத்த இழை ஒன்றுகூட மிஞ்சாமல் வெட்டி எடுத்துவிட்டு, 36 நம்பர் டிஸ்க்கில் (சொரசொரப்பான தேய்ப்புத் தட்டில்) சரிவாகத் தேய்க்க வேண்டும். சரிவின் அகலம் கனத்துக்குப் பன்னிரண்டு மடங்கு. 6 மில்லிமீட்டர் அடிப்பகுதி என்றால் ஓட்டையைச் சுற்றிலும் 7 சென்டிமீட்டர். இதற்குத்தான் ‘அவ்வளவு எதற்கு’ என்பார்கள். இரண்டு சென்டிமீட்டரில் முடித்த வேலைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அசிட்டோனால் துடைத்தால் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். தேய்க்காத குறையை அது ஈடுகட்டாது.

வெளிப்பக்கம் மெழுகு பூசிய மைக்கா ஷீட்டை முட்டுக்கொடுத்து, உள்ளிருந்து அடுக்குவது நல்லது. பழைய பரப்பின்மேல் முதலில் வருவது எப்போதும் மேட்தான் (கண்ணாடி இழையைத் தாறுமாறாகப் பரப்பிய விரிப்பு), ரோவிங் (நெய்த இழைத் துணி) இல்லை. 6 மில்லிமீட்டருக்கு (கிராம் என்பது ஒரு சதுர மீட்டரின் எடை): 450 கிராம் மேட் இரண்டு, 600 கிராம் ரோவிங், மறுபடி மேட், ரோவிங், மேட், கடைசியில் 300 கிராம் மேட். பெரிய துண்டு முதலில் போவதே என் கட்சி. சரிவு முழுவதையும் ஒரே மேட் மூடும். கடைசியில் மேலே தேய்க்கும்போதும் அது வெட்டுப்படாது. ஒரு நேரத்தில் மூன்று அடுக்குக்கு மேல் வேண்டாம். சூடேறிச் சுருங்கும்.

நாகப்பட்டினம்:

அளவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு ரெசின் ஏறக்குறைய ஒரு கிலோ. ரோவிங்குக்கு அதன் எடையளவே போதும். ரெசின் கூடினால் பலம் கூடும் என்று ஊற்றுகிறார்கள். இழை இல்லாத ரெசின் நொறுங்கும். ரோலரால் காற்றுக் குமிழியை வெளியேற்றுவதில்தான் நேரம் செலவாக வேண்டும்.

கலக்கும் வரிசையில் உயிரே இருக்கிறது. கோபால்ட்டும் (இறுகுவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்ட்டும் (ரெசினை இறுகவைப்பது) நேரடியாக ஒன்றோடொன்று சேரவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டுக்கும் தனித்தனி அளவுக் குப்பி வையுங்கள். சில ரெசின் கோபால்ட் கலந்தே வரும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டலிஸ்ட் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி. சித்திரை வெயிலில் சீக்கிரம் இறுகுகிறதே என்று 10 மில்லிக்கும் கீழே குறைத்தால் கடைசிவரை முழுதாக இறுகாது. அதற்குப் பதில் அரைக் கிலோவாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றி, காலை ஏழு மணிக்குள் ஆரம்பியுங்கள். வாளியில் குவிந்து கிடக்கும் ரெசின் தன் சூட்டிலேயே இறுகிவிடும். கண்ணாடி அணியாமல் கேட்டலிஸ்ட்டைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் கால் மணி நேரமாவது தண்ணீரில் கழுவியபடி இருந்து, நேரே ஆஸ்பத்திரிக்கு.

ராமநாதபுரம்:

மேலே அடித்த ஜெல்கோட் (பளபளப்பான வெளிப்பூச்சு) மறுநாளும் பிசுபிசுக்கிறதே, கேட்டலிஸ்ட் குறைவா?

நாகப்பட்டினம்:

இல்லை. காற்றுப் படும் பரப்பு அப்படித்தான் இருக்கும். கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் சேர்க்க வேண்டும். அல்லது பூசியதும் பாலிதீன் ஷீட்டால் காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஆனால் மேலே இன்னொரு அடுக்கு வருமென்றால் மெழுகு கூடாது. சேர்த்துவிட்டிருந்தால் தேய்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

தூத்துக்குடி:

கடலூர் அண்ணன் ‘கோளாறு வேறு இடத்தில்’ என்றாரே, அது பெரும்பாலும் குறுக்குப் பலகை முட்டும் இடம். பலகை முனை படகின் ஓட்டில் (வெளிச் சுவரில்) நேராக முட்டினால் ஒவ்வொரு அலைக்கும் அந்தக் கோட்டிலேயே மடியும். எத்தனை ஒட்டுப் போட்டாலும் அதன் ஓரத்தில் புது விரிசல் வரும். முனையைச் சிறிது வெட்டி, இடையில் ஃபோம் துண்டு வைத்து, ஓட்டின்மேல் 10 சென்டிமீட்டராவது பரவும்படி மேட் போட்டுப் பிடிக்க வேண்டும்.

எஞ்சின் மாட்டும் பின்பலகையில் உள்ளே பிளைவுட் இருக்கும். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அது உளுத்துவிடும். உள்பக்கமாக 3 மில்லிமீட்டர் துளை போட்டுப் பாருங்கள். தூள் கறுத்து ஈரமாக வந்தால் உள்தோலை (உள்பக்க ஃபைபர் அடுக்கை) வெட்டிப் பலகையையே மாற்ற வேண்டும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளை வாங்குங்கள். 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 16-இல் துளைத்து, எபாக்ஸி பசையால் அடைத்து, இறுகியதும் நடுவே 10-இல் துளைத்தால் மரத்தில் தண்ணீர் படாது.

மிதவை அறையில் தெர்மோகோல் வைப்பவர்கள் அதை பாலிதீனில் சுற்றி வையுங்கள். பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்துவிடும். மூடிய அறைக்குள் நடப்பது வெளியே தெரியாது.

குளச்சல்:

மர வள்ளத்துக்கும் இதே ரெசினைப் பூசலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வருஷக்கணக்காக மீன் எண்ணெய் குடித்த பலகையில் எதுவும் ஒட்டாது. மரம் ஊறி உப்பும், காய்ந்து சுருங்கும்; மேலே பூசிய ஃபைபர் அசையாது. இடையில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் பலகையை உளுக்கவைக்கும். அதற்குக் கலப்பத்துதான் (பலகை இடுக்கில் திரி அடைப்பது) சரி. பழைய திரியை முழுதாக எடுத்து, பஞ்சுத் திரியை உளியால் இறுக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கி மேலே பூச வேண்டும். காய்ந்து விரிந்த இடைவெளி என்று கண்டபடி திரியை அடித்து ஏற்றாதீர்கள். தண்ணீரில் இறக்கியதும் பலகை உப்பி, ஆணியையே பிடுங்கிவிடும்.