கான்ஃபரன்ஸ்ல வாலண்டியர் பண்ணி யாருக்காவது உருப்படியா ஒரு தொடர்பு கிடைச்சிருக்கா?

மைக்_ஓட்டம்:
2019 பைகான் இந்தியா (பைத்தான் புரோகிராமர்களோட கான்ஃபரன்ஸ்), நம்ம சென்னை நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல நடந்துச்சே, அதுல எனக்கு ஹால் டியூட்டி. ஸ்பீக்கர் லேப்டாப்ல டைப்-சி மட்டும்தான், மேடைல இருந்தது எச்டிஎம்ஐ வயர், ஹாலே வேடிக்கை பாக்குது, நான் என் பைல கெடந்த அடாப்டரை எடுத்து ஓடினேன். டாக் முடிஞ்சதும் அவரே தேடி வந்து "கிட்ஹப் ஐடி சொல்லுங்க, உங்க கோடை இன்னைக்கு நைட் பாக்கறேன்"னு என் கண்ணு முன்னாடியே போன்ல டைப் பண்ணிக்கிட்டார். பாத்தாரா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அடாப்டரும் அவர்கூடவே போயிருச்சு 😑

டீஷர்ட்_மடிப்பாளர்:
உங்களுக்காவது ஸ்பீக்கர் மூஞ்சி தெரிஞ்சுது. ஒரு காலேஜ்ல நடந்த கான்ஃபரன்ஸ்ல (பேர் வேணாம்) என்னை ஸ்டோர் ரூம்ல உக்கார வெச்சு டீஷர்ட்டை எல், எக்ஸெல்னு பிரிச்சு பைல போடச் சொன்னாங்க. ஒரு டாக் கேக்கல. லன்ச் கூப்பன் தீந்துபோச்சாம், சர்டிபிகேட்ல என் இனிஷியலும் தப்பு. நெட்வொர்க்கிங்காம்.

பழைய_பைத்தான்:
@டீஷர்ட் அதுக்காக வாலண்டியரிங்கே வேஸ்ட்னு சொல்லிட முடியாதுப்பா, ஃபார்ம்ல "எந்த வேலைன்னாலும் ஓகே"ன்னு டிக் பண்ணா ஸ்டோர் ரூம்லதான் தள்ளுவாங்க. செஷன் சேர் (ஸ்பீக்கரை அறிமுகப்படுத்தி டாக்கை நடத்தறவர்), இல்லன்னா கேள்வி நேரத்துல மைக் கொண்டு போறது, இத வாயத் தொறந்து கேட்டு வாங்கணும். அப்புறம் மெயின் நாள்ல ஸ்பீக்கர சுத்தி பத்து பேர் நிப்பாங்க, டெவ்ஸ்பிரிண்ட்ல (எல்லாரும் சேந்து உக்காந்து ஓப்பன் சோர்ஸ் கோடு எழுதறது) பாத்தா அதே ஆளு பக்கத்துல உக்காந்து சரி பண்ண வேண்டிய இஷ்யூவ சொல்லிக் குடுப்பாரு, உங்க பேரும் நீங்க சேத்த கோடுமா (கமிட்) ஞாபகம் இருக்கும். வருஷத்துக்கு ஒரு வாட்டி பேட்ஜ் மாட்டினா யாரு ஞாபகம் வெச்சுப்பா, சென்னைபை (சென்னை பைத்தான் குழு) மீட்டப் மாசாமாசம் நாலாவது சனிக்கிழமை, அங்க நாற்காலி இழுத்துப் போடறதுலேர்ந்து ஆரம்பிங்க. எனக்கு ரெஃபரல் குடுத்தவர் அங்க புரொஜெக்டர் கனெக்ட் பண்ணப்ப பழக்கமானவர்தான்.

மைக்_ஓட்டம்:
அண்ணா நான் அட்வைஸ் கேக்கல, ஆனா செஷன் சேர் பாயிண்ட் கரெக்ட்.

கோவை_ஃபிரெஷர்:
எனக்கு மைக் டியூட்டிதான் குடுத்தாங்க. கடைசி வரிசைல ஒரு அக்கா கேள்வி கேட்டுட்டு மைக்கைத் திருப்பித் தராம "இதுக்கு நீ என்ன பதில் சொல்லுவ?"ன்னு என்னையே கேட்டுட்டாங்க. கேஷ் (cache, டேட்டாவ தற்காலிகமா சேத்து வெக்கறது) பத்தி ஏதோ உளறினேன், சிரிச்சாங்க, டீ பிரேக்ல அவங்களே வந்து லிங்க்ட்இன் க்யூஆர் காட்டினாங்க. இன்டர்ன்ஷிப் இன்டர்வியூ வரைக்கும் போச்சு, ரிசல்ட் இன்னும் வரல. நானே மெசேஜ் போட்டு கேக்கலாமா?

டீஷர்ட்_மடிப்பாளர்:
போடு போடு. @பழைய_பைத்தான் அந்த மீட்டப்புக்கு முன்கூட்டியே பதியணுமா, நேரா வந்துரலாமா?