அச்சு விரிசலா, அச்சுத் தழும்பா?

பொருள்: பிழைக்காசுகளுக்கு (அடிக்கும்போதே தவறு நேர்ந்த காசுகள்) கலைச்சொல், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:
வணக்கம். பள்ளி நாணயக் கண்காட்சிக்கான விளக்க அட்டைகள் வெள்ளிக்கிழமை அச்சகம் போகின்றன. காசு அடிக்கும் அச்சு வெடித்துவிட்டால் அதன்பின் அடிபடும் காசுகளில் ஒரு கோடு விழும். அதற்கு 'அச்சு விரிசல்' என்று எழுதியிருந்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஐந்து ரூபாய்க் காசை நகத்தால் தடவிவிட்டு, "சார், விரிசல்னா பள்ளமா இருக்கணும், இது மேடா இல்ல இருக்கு?" என்று மடக்கினான். பள்ளம் அச்சில், உலோகம் அதில் புகுவதால் காசில் மேடு. பின்னால் யாரோ கீறியது என்றால் காசிலேயே பள்ளமாக இருக்கும். நகத்தில் தட்டுகிற இந்த மேடுதான் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் முதல் சோதனை. பெயரே அதைக் கெடுத்தால் எப்படி?

முத்தியால்பேட்டை:
பொதுவாக 'அச்சுப்பிழை' என்று போட்டுவிடுங்களேன்.

திருப்பாதிரிப்புலியூர்:
போட்டால் வருகிறவர்கள் காசை விட்டுவிட்டு அட்டையில் ஒற்றுப்பிழை தேடுவார்கள். நம் குழுவில் பாதிப்பேர் இப்போதே தேடிக்கொண்டிருப்பார்கள்.

லாசுப்பேட்டைப் பெரியவர்:
'அச்சு' என்பதையே கைவிடச் சொல்கிறேன். வண்டிக்கு அச்சு, வெல்லத்துக்கு அச்சு, வரைபடத்துக்கு அச்சு, புத்தகத்துக்கும் அச்சு. இத்தனை சுமந்த சொல் கலைச்சொல் ஆகாது. பேரகராதியில் 'கம்பட்டமுளை' இருக்கிறது. கம்பட்டம் நாணயம் அடித்தல், முளை அதன் அச்சு. கையால் அடித்த காலத்தில் மேலச்சை ஆப்புப்போல் பிடித்துச் சுத்தியலால் அடித்தார்கள். மாடு கட்டும் முளையும் அதே உருவந்தானே? ஆக முளைவெடிப்பு, முளைமோதல், முளைச்சிதைவு. ஒரே வேரில் முழுக் குடும்பமும் கிடைக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர்:
ஐயா, முளைவெடிப்பு என்றதும் பிள்ளைகள் பாசிப்பயறு கொண்டுவந்துவிடுவார்கள். அச்சு காசுக்கு அந்நியமும் இல்லை. கொங்குக் கல்வெட்டுகளில் 'ஆனையச்சு' என்று காசுக்கே பெயர். என் முன்மொழிவு: அச்சுவடு.

முத்தியால்பேட்டை:
மாவடு மாதிரி ஊறுகாய் வாசம் வருதுங்க. 'சுவடு' என்றும் படிக்கத் தோன்றும். நான் ஞாயிற்றுச் சந்தையில் காசு பார்க்கிறவன். அங்கே 'டை கிராக்', 'எரர் காயின்', அவ்வளவுதான். விலை கேட்கப்போகும் பையனுக்கு எந்தச் சொல் உதவும்?

மஞ்சக்குப்பம் ஆசிரியர்:
விலை கேட்க அனுப்பவில்லை, பார்க்கச் சொல்லித்தர வேண்டும். 'அச்சுத் தழும்பு' எப்படி? தழும்பு மேடாகவும் இருக்குமே.

லாசுப்பேட்டைப் பெரியவர்:
புண் பட்டது அச்சுக்கு. தழும்பு காசுக்கா?

திருப்பாதிரிப்புலியூர்:
பிட்டுக்கு மண் சுமந்தவர் கதையில் பிரம்படி ஒருவர் முதுகில், தழும்பு ஊர் முழுக்க. வெடித்த அச்சும் அப்படித்தான், மாற்றும்வரை விழுகிற காசிலெல்லாம் அதே கோடு. ஒரே கோடு இரண்டு காசில் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சுப் பிள்ளைகள் என்று அதை வைத்தே சொல்லலாமே. தழும்புக்கு என் வாக்கு.

முத்தியால்பேட்டை:
சரி, பிராக்கேஜுக்கு என்ன சொல்வீர்கள்? அடித்த காசு வெளியே விழாமல் ஓர் அச்சில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வரும் வில்லையில் (இன்னும் அடிபடாத வட்டத் தகடு) அதன் முகம் இடவலம் மாறிக் குழிவாக இறங்கும். இதிலேதான் போலி அதிகம். இரண்டு காசைப் பட்டறை இறுக்கியில் (வைஸ்) வைத்து இறுக்கிவிட்டு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். உண்மையில் அச்சடியில் வந்ததா, பட்டறையில் நெருக்கியதா என்று பார்க்க, மறுபக்க எழுத்துகள் நசுங்கியிருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். இன்னொன்று: பிரெஞ்சுக்காரர் இங்கே புதுச்சேரியில் அடித்த செப்புத் துட்டில் ஒருபுறம் லில்லிப் பூ, மறுபுறம் தமிழில் 'புதுச்சேரி'. பலவற்றில் வில்லை சிறியது, 'புது' விழுந்தால் 'சேரி' வெளியே போய்விடும். அது பிழையா, கையடியின் இயல்பா?

லாசுப்பேட்டைப் பெரியவர்:
இயல்புதான், பிழை மேசையில் வைக்காதீர்கள். ஆனால் துட்டு டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று யாரும் அட்டையில் எழுதிவிட வேண்டாம். துண்டு என்பதே துட்டு.

திருப்பாதிரிப்புலியூர்:
டச்சுக்காரர் செப்புக்காசின் பெயரே 'டொய்ட்' ஐயா. கடலூர்க் கரையிலேயே அவர்கள் வியாபாரம் செய்தார்கள். துண்டு எப்படித் துட்டாகும்?

லாசுப்பேட்டைப் பெரியவர்:
கன்றும் ஆவும் (பசு) சேர்ந்து கற்றாவாகவில்லையா? மெல்லெழுத்து வல்லெழுத்தாகும்.

முத்தியால்பேட்டை:
அது தொகைச்சொல்லுக்குள்ளே ஐயா! தனிச்சொல் ஏன் வலிக்கும்? தனி இழை தொடங்குங்கள், புண்ணியமாய்ப் போகும்.

மஞ்சக்குப்பம் ஆசிரியர் (வியாழன் இரவு):
அட்டைகள் போய்விட்டன. அச்சுத் தழும்பு, அதன்கீழ் 'அச்சு வெடித்ததால் காசில் எழுந்த மேடு' என்று ஒரு வரி. அச்சின் ஓரம் உடைந்து விளிம்பில் திரளும் உலோகத்துக்கு விளிம்புக் கட்டி. நடு தப்பியதற்கு மையம் விலகிய அடி. பிராக்கேஜுக்கு 'ஒட்டுக்காசு', 'எதிருருக் காசு' என்று இரண்டு பேர் தனிமடலில் சொன்னார்கள்; இரண்டும் மனசுக்கு ஒட்டவில்லை, அதனால் 'பிராக்கேஜ்' என்றே போட்டேன். நன்றி.

லாசுப்பேட்டைப் பெரியவர்:
பதிவுக்காக: என் வாக்கு இன்னும் முளைவெடிப்புக்கே. 'விளிம்புக் கட்டி' என்றால் மருத்துவமனைக்குத்தான் போகத் தோன்றும், அதையாவது மாற்றுங்கள்.