ஒரு கிழமை யாழ்ப்பாணம்: எதை முதலில், எதை வெட்ட?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. அடுத்த மாதம் கனடாவில் இருந்து சித்தி குடும்பம் ஐந்து பேர் வருகிறார்கள், ஒரு கிழமை எங்கள் வீட்டில்தான். பழைய இடிபாடு, கடல், சாப்பாடு, மூன்றும் வேண்டுமாம். நான் ஊர்க்காரன்தான், ஆனால் கோட்டைக்குள் கடைசியாகப் போனது பள்ளிக்கூடச் சுற்றுலாவில்.

முதல் நாள் கோட்டை (போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தது), பிறகு நல்லூர்ப் பக்கம் மந்திரிமனை. இன்னொரு நாள் கந்தரோடையின் குட்டித் தாதுகோபங்களை (பழைய பௌத்தத் தூபிகள்) பார்த்துவிட்டு அப்படியே கீரிமலைக் கேணியில் குளிக்கலாம். நெடுந்தீவுதான் குழப்பம். குறிகட்டுவானில் இருந்து படகில் போய்ச் சேரவே ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும், சித்திக்கோ படகு என்றாலே தலைசுற்றும். கடைசி நாளுக்குத் தள்ளவா, வெட்டிவிடவா?

கடலுக்குக் கசூரினாவா, சாட்டியா? சின்னவனுக்கு ஆறு வயது, ஆழமில்லாத இடம் வேண்டும். மணற்காட்டில் மணலுக்குள் கிடக்கும் பழைய தேவாலயத்தைப் பார்க்க எனக்கே ஆசை, வெயில்தான் யோசனை.

முக்கியமானது ஒடியல் கூழ், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது. அம்மாவுக்கு இப்போது காய்ச்ச ஏலாது. நண்டு, இறால் போட்டு ஒழுங்காகக் காய்ச்சும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். வெளியூர்க்காரருக்கென்று உறைப்பைக் குறைத்த கூழ் வேண்டாம்.

வாடகை வான் ஏழு நாளுக்கும் பிடிப்பதா, தூரப் பயணத்துக்கு மட்டும் பிடிப்பதா?