சின்ன வெங்காயம் தாள் வெட்டுற மெஷின் செஞ்சிட்டிருக்கேன், அரசாங்க கிராண்ட் வாங்குன பட்டறைக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?

கணபதி லேத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோயம்புத்தூர் கணபதியில சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கேன், ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், ஒரு பெஞ்ச் டிரில்லிங், என்னையும் சேத்து 4 பேரு. 14 வருசமா பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைஞ்சு குடுக்குற ஜாப் ஒர்க் தான், சொந்தமா ஒரு பொருள்னு இதுவரைக்கும் எதுவும் செஞ்சதில்ல.

வீட்டுக்காரம்மா ஊரு தாராபுரம் பக்கம். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வெங்காயம் எடுக்கறப்போ போயிருந்தேன், களத்துல பத்து பொம்பளைங்க உக்காந்து ஒவ்வொரு கொத்தா எடுத்து தாள அறுத்து வேர அறுத்து போடறாங்க, காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும். எங்க மாமியார் கட்டைவெரல்ல துணி சுத்தியிருந்தாங்க, அவுத்துக் காட்டுனாங்க, வெங்காயச் சாறு ஏறி ஏறி வெரல் நுனி கருத்து கோடு கோடா வெடிச்சிருக்கு. அன்னைக்கு ராத்திரியே ஒரு பேப்பர்ல படம் போட்டேன். ரெண்டு ரப்பர் ரோலர் எதிரெதிரா சுத்தும், தாள் மட்டும் நடுவுல கீழ இழுபடும், அடியில பிளேடு அறுக்கும். இப்போ மூணாவது மாடல் ஓடிட்டிருக்கு. ஒத்தைக் காயா விட்டா நல்லா அறுக்குது, ஆனா சின்ன வெங்காயம் கொத்தா ஒட்டிட்டு தானே வரும், கொத்து உள்ள போறப்போ தோல் உரிஞ்சிடுது, அந்த இடத்துல தான் மாட்டிட்டு நிக்கறேன்.

இதுவரைக்கும் கைக்காசு 1 லட்சத்து 10 ஆயிரம் போட்டாச்சு, இதுக்கு மேல போட்டா பட்டறை சம்பளம் இடிக்கும். போன வாரம் ஒரு கன்சல்டன்ட் கூப்பிட்டு புதுமைக் கண்டுபிடிப்புக்கு 15 லட்சம் கிராண்ட் (திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவிப் பணம்) கண்டிப்பா வாங்கித் தர்றேன், பட்டறைய உடனே பிரைவேட் லிமிடெட் ஆக்கிடுங்க, அட்வான்ஸ் 40 ஆயிரம் போடுங்கனு சொல்றாரு. நம்மளுது புரொப்ரைட்டர் (ஒத்த ஆளு பேர்ல இருக்கற தொழில்) தான், உத்யம்னு சின்னத் தொழில் பதிவு இருக்கு, ஜிஎஸ்டி இருக்கு. இத நம்பலாமா, இல்ல நேரா எங்கயாச்சும் போய் நாமளே கேக்கலாமா? அப்புறம் வர்ற ஜூலை கொடிசியா அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சில ஒரு சின்ன ஸ்டால் போட்டு மெஷின ஓட்டிக் காட்டலாம்னு ஒரு நினைப்பு, அதுவும் சரியானு சொல்லுங்க.

சரவணம்பட்டி பேனல்போர்டு:

அண்ணா முதல்ல அந்த 40 ஆயிரத்த குடுக்காதீங்க. நானும் இதே மாதிரி ஒரு ஆளுகிட்ட 25 ஆயிரம் குடுத்து ஏமாந்தவன், அவரு செஞ்சதெல்லாம் நெட்டுல ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணது தான், ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல என்னோட மோட்டார் பாதுகாப்பு போர்டுக்கு பதிலா வேற யாரோட சோலார் விசயமோ ரெண்டு பக்கம் அப்படியே இருந்துச்சு, கமிட்டி முன்னாடி ஒருத்தர் அந்தப் பக்கத்த திருப்பிக் கேட்டப்போ எனக்கு பதில் சொல்ல வாயே வரல. கிராண்ட கண்டிப்பா வாங்கித் தர்றேன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்கண்ணா, முடிவு பண்றது கமிட்டி.

உங்க கன்சல்டன்ட் சொன்ன 15 லட்சம் அனேகமா மத்திய எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) அமைச்சகத்தோட எம்எஸ்எம்இ இன்னோவேட்டிவ் திட்டமா இருக்கும். ஒரு ஐடியாவுக்கு 15 லட்சம் வரைக்கும்ங்கறது உண்மை தான், ஆனா நம்ம அக்கவுண்ட்ல மொத்தமா வந்து விழற பணம் இல்ல. ஹோஸ்ட் இன்ஸ்டிட்யூட்னு சில காலேஜ், இன்குபேட்டர் (புதுத் தொழில வளத்து விடற மையம்) எல்லாம் பதிவாகி இருக்கும், அவங்க மூலமா தான் ஐடியா போகணும், அவங்க மூலமா தான் பணமும் வரும். 2022ல இருந்து ஐடியா ஹேக்கத்தான்னு ஒரு ஐடியா போட்டிக்கு ரவுண்டு ரவுண்டா கூப்பிடறாங்க, ரவுண்டு தொறந்திருக்கறப்போ தான் போட முடியும், ஒவ்வொரு தடவையும் யாரு போடலாம்ங்கறது மாறுது, அத படிச்சிட்டு போடுங்க.

உங்க நிலைமைக்கு நான் முதல்ல போகச் சொல்றது தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனத்தோட இன்னோவேஷன் வவுச்சர். ஈடிஐஐ-னு சொல்லுவாங்க, மெட்ராஸ் கிண்டில இருக்கு. வவுச்சர் ஏ 2 லட்சம் வரைக்கும், ஐடியாவ மாடலா மாத்தறதுக்கு, வவுச்சர் பி 5 லட்சம் வரைக்கும், மாடல சந்தைக்கு கொண்டு போறதுக்கு. தொகை சின்னது தான், ஆனா உங்களுக்கு இப்போ தேவை அந்த கொத்து பிரச்சனைய தீக்கறதுக்கு ஒரு நாலஞ்சு ரோலர் செட்டும் ஒரு சீசன் சோதனையும் தானே, அதுக்கு 15 லட்சம் எதுக்குங்கண்ணா. நம்ம ஊர்லயே வேளாண் பல்கலைக்கழகத்துல வேளாண் பொறியியல் காலேஜ் இருக்கு, அறுவடைக்குப் பின் மெஷின் பாக்கற ஆளுங்க அங்கயே இருக்காங்க, விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ மெஷின டெம்போவுல ஏத்திட்டு போய் காட்டுங்க. அவங்க டெஸ்ட் பண்ணி ஒரு ரிப்போர்ட் குடுத்தா நம்ம வாய்ல சொல்ற பத்து பக்கத்துக்கு சமம்.

இன்னொன்னு முக்கியமா சொல்லணும். நான் ஒரு இன்குபேட்டர் மூலமா கிராண்ட் வாங்குனேன், பணம் தவணை தவணையா தான் வந்துச்சு, இந்த வேலைய முடிச்சா இந்த தவணைனு எழுதி வெச்சிருப்பாங்க. விண்ணப்பம் போட்டதுக்கும் முதல் தவணைக்கும் நடுவுல எட்டு மாசம் ஆச்சு. அடுத்த தவணைக்கு முதல்ல வந்த காசுக்கு பயன்பாட்டுச் சான்று குடுக்கணும், நான் காட்டூர்ல ஒரு கடைல காயில் வயரு, ரிலே எல்லாம் அவசரத்துக்கு சொந்த ஜிபே-ல வாங்கிட்டேன், ஜிஎஸ்டி பில் இல்ல, 18 ஆயிரம் ரூவா என் தலைல தான் விழுந்துச்சு. அதனால இன்னைல இருந்தே மெஷினுக்கு வாங்கற ஒவ்வொரு போல்ட்டுக்கும் பட்டறை பேர்ல பில் வாங்குங்க, தனியா ஒரு அக்கவுண்ட் வெச்சு அதுல மட்டும் செலவு பண்ணுங்க. ஒரு நோட்டு போட்டு எந்த தேதி எந்த ரோலர், ரப்பர் எவ்ளோ கெட்டி, எத்தன கிலோ விட்டோம், எவ்ளோ தோல் உரிஞ்சதுனு எழுதி வைங்க. கமிட்டில என்னைய காப்பாத்துனது அந்த நோட்டு தான், ரிப்போர்ட் இல்ல.

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி:

வணக்கம் சார், நான் ஆடிட்டர் ஆபீஸ்ல 9 வருசமா சின்ன கம்பெனி ஃபைல் தான் பாக்கறேன். கம்பெனியா மாத்தறத பத்தி மட்டும் சொல்றேன்.

ஸ்டார்ட்அப் இந்தியானு மத்திய அரசு புதுத் தொழிலுக்கு குடுக்கற அங்கீகாரம் வேணும்னா பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பொறுப்புக்கு வரம்பு இருக்கற பார்ட்னர்ஷிப்), இல்ல பதிவு பண்ண பார்ட்னர்ஷிப், இது மாதிரி இருக்கணும், புரொப்ரைட்டருக்கு கிடையாதுங்கறது சரி தான். ஆனா கன்சல்டன்ட் சொல்லாம விட்டது ஒன்னு இருக்கு, ஏற்கனவே ஓடற தொழில பிரிச்சோ மாத்தி அமைச்சோ உருவாக்குன கம்பெனிய ஸ்டார்ட்அப்பா எடுத்துக்க மாட்டாங்க. 14 வருச ஜாப் ஒர்க் பட்டறைய அப்படியே பிரைவேட் லிமிடெட் ஆக்கிட்டு நான் புது ஸ்டார்ட்அப்னு போய் நின்னா அங்க கேள்வி வரும், அதுக்குள்ள வருசா வருசம் ஆடிட், ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) ஃபைலிங்னு செலவு மட்டும் ஏறியிருக்கும். பட்டறை பட்டறையாவே இருக்கட்டும். மெஷின் நெஜமாவே விக்கற நிலைக்கு வந்தா அதுக்குனு தனியா ஒரு கம்பெனி, தனி கணக்கு, தனி பொருள்னு ஆரம்பிங்க, அதையும் முன்னாடியே ஆடிட்டர்கிட்ட உக்காந்து பேசிட்டு.

அப்போ தான் ஸ்டார்ட்அப்டிஎன்-ங்கற தமிழ்நாடு அரசு அமைப்பு குடுக்கற டான்சீட் ஆரம்ப நிதி எல்லாம் உங்களுக்கு பொருந்தும். அது 10 லட்சம், பெண்கள் நடத்தற கம்பெனி, கிராமப்புறத்துக்கு பயன்படறது, பசுமைத் தொழில்நுட்பம் இதுக்கெல்லாம் 15 லட்சம், ஆனா பதிலுக்கு கம்பெனில 3 சதவீத பங்கு எடுத்துக்குவாங்க, அத தெரிஞ்சுட்டே போங்க. மத்திய அரசோட சீட் ஃபண்ட் (ஆரம்ப நிதி) திட்டத்துல ப்ரோடோடைப்புக்கு (மாதிரி மெஷினுக்கு) 20 லட்சம் வரைக்கும் கிராண்டுனு 2021ல 945 கோடில ஆரம்பிச்சாங்க, அதுல கம்பெனி ஆரம்பிச்சு ரெண்டு வருசத்துக்குள்ள விண்ணப்பம் போட்டிருக்கணும்னு விதி, இன்குபேட்டர் வழியா தான் போகும், அந்தக் காசுல கட்டடம், வசதி எல்லாம் உருவாக்கக் கூடாது. அதனால கம்பெனிய சும்மா இப்பவே பதிவு பண்ணி வெச்சுட்டா அந்த ரெண்டு வருசம் வீணா ஓடிடும் சார், நெறய பேரு இதுல தான் கோட்டை விடறாங்க.

அடுத்து அந்த ஸ்டால் விசயம், இத தயவு செஞ்சு கவனிங்க. பேட்டன்ட் (காப்புரிமை) விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி மெஷின பொதுவுல ஓட்டிக் காட்டிட்டா அது புதுசுங்கற தகுதி போயிடும். கண்காட்சிக்கு ஒரு விதிவிலக்கு சட்டத்துல இருக்கு, ஆனா அது மத்திய அரசு அரசிதழ்ல அறிவிச்ச கண்காட்சிக்கு தான், எல்லா கண்காட்சிக்கும் இல்ல. யூடியூப்ல வீடியோ போட்டாலும் வாட்ஸ்அப் குரூப்ல சுத்த விட்டாலும் அதே சிக்கல் தான். முதல்ல ப்ரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போடுங்க, ஆன்லைன்ல உத்யம் இருக்கற சின்ன நிறுவனத்துக்கு அரசு கட்டணம் 1600 ரூவா தான், பெரிய கம்பெனிக்கு 8000. போட்ட தேதி உங்க பேர்ல நின்னுடும், முழு விவரத்த 12 மாசத்துக்குள்ள குடுத்தா போதும். எழுதறதுக்கு ஒரு நல்ல பேட்டன்ட் ஏஜென்ட புடிங்க, அங்க காசு பாக்காதீங்க. எம்எஸ்எம்இ திட்டத்துல இந்தியப் பேட்டன்டுக்கு 1 லட்சம் வரைக்கும் திருப்பித் தர்றாங்க, அது பேட்டன்ட் கிடைச்சப்புறம் தான் வரும், அதனால செலவ முதல்ல நாம தான் தாங்கணும். பெரிய வெங்காயத்துக்கு தாள் வெட்டுற மெஷின் ஏற்கனவே இருக்கறதால இன்பாஸ்-னு பேட்டன்ட் ஆபீஸ் தேடுதளம் இருக்கு, அதுல ஒரு ரெண்டு நாள் உக்காந்து பாத்துடுங்க. உங்களோட புதுமை ரோலரா, இல்ல அந்த கொத்த பிரிக்கற வழியானு அப்போ தான் உங்களுக்கே தெளிவாகும்.

உத்யம் பத்தி ஒரு வார்த்தை, பதிவு இலவசம், அப்டேட் பண்றதும் இலவசம். அரசாங்க சைட் மாதிரியே வெச்சு 2000, 3000னு வாங்கற சைட்டுல போய் மாட்டிக்காதீங்க.

குண்டடம் தோட்டத்துக்காரர்:

கிராண்டு பத்தியெல்லாம் எனக்கு தெரியாது தம்பி, வெங்காயத்த பத்தி சொல்றேன். தாள ஒட்ட அறுத்துடாதீங்க. உடனே சந்தைக்கு போற காய்னா பரவால்ல, பட்டறை போட்டு (அதாவது காய குவிச்சு சேமிச்சு) வெச்சு வெல வந்தா விக்கலாம்னு இருக்கற காய்க்கு கழுத்துல ஒரு ரெண்டு சென்டிமீட்டராச்சும் தாள் விடணும், இல்லனா அறுத்த வாய் வழியா அழுகல் எறங்கி பட்டறையே நாறிப்போயிடும். பொம்பளைங்க கை அதுக்கு தானா பழகியிருக்கு, மெஷினுக்கு நீங்க தான் சொல்லிக் குடுக்கணும். அப்புறம் புடுங்குன அன்னைக்கே விட்டா தாள் பச்சையா வழுக்கும், ரெண்டு மூணு நாள் வயல்லயே காய விட்டு அப்புறம் விட்டுப் பாருங்க, கொத்தும் தானா லேசா பிரிஞ்சு குடுக்கும். மண்ணு ஒட்டிட்டு வர்ற காய்ல உங்க பிளேடு எத்தன நாள் கூர்மையா இருக்கும்ங்கறதையும் பாத்துக்கங்க, இங்க பாதி செம்மண், பாதி கரிசல்.

அறுக்கற வேலைக்கு ஆளு கிடைக்கறதே இல்ல, வர்றவங்களும் வயசானவங்க தான், என் பொண்டாட்டி உட்பட. மெஷின் தயாரானா எங்க தோட்டத்துல ஒரு ஏக்கரு காய் உங்களுக்கு ஓட்டிப் பாக்க தர்றேன், காசு வேண்டாம்.

சரவணம்பட்டி பேனல்போர்டு:

அய்யா சொன்னாரு பாருங்க, கழுத்துல ரெண்டு சென்டிமீட்டர், அத அப்படியே நோட்டுல எழுதுங்கண்ணா. விண்ணப்பத்துல இதுக்கு யாரு வாடிக்கையாளர், யாரு சோதிச்சாங்கனு ஒரு இடம் இருக்கும், எல்லாரும் அங்க சந்தை பெருசு பெருசுனு எழுதுவாங்க, நீங்க ஒரு விவசாயி ஒரு ஏக்கரு காய் குடுத்து ஓட்டிப் பாத்தாருனு எழுதி அவரு கையெழுத்தோட ஒரு கடுதாசி வெச்சா போதும். அதே நேரத்துல தம்பி சொன்ன பேட்டன்ட் விசயமும் இருக்கு, தோட்டத்துல ஓட்டறதுக்கு முன்னாடி ப்ரொவிஷனல போட்டுடுங்க, இல்லனா யாராச்சும் செல்போன்ல எடுத்து போட்டுடுவாங்க.

நாளைக்கு மெஷின் விக்க ஆரம்பிச்சு உற்பத்திக்கு கடன் வேணும்னா சொத்து அடமானம் இல்லாமயே சிஜிடிஎம்எஸ்இ-ங்கற சின்னத் தொழில் கடன் உத்தரவாத நிதியோட உத்தரவாதத்துல பேங்க் குடுக்கலாம், 2025 ஏப்ரல்ல அந்த வரம்ப 10 கோடியா ஏத்திட்டாங்க. ஆனா அது கடன், கட்டித்தான் ஆகணும், இன்னும் ஓடாத மெஷினுக்கு அத எடுக்காதீங்க.

கணபதி லேத்துக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கன்சல்டன்டுக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். ஸ்டால் யோசனையையும் இந்த வருசம் விட்டுட்டேன். நேத்து ராத்திரி பழைய பில்லெல்லாம் தேடி எடுத்தேன், 1 லட்சத்து 10 ஆயிரத்துல 60 ஆயிரத்துக்கு தான் பில் இருக்கு, மிச்சம் துண்டுச்சீட்டு. 120 பக்க நோட்டு ஒன்னு வாங்கி மூணு மாடலுக்கும் ஞாபகம் இருக்கற வரைக்கும் எழுதிட்டேன்.

அய்யா, நீங்க சொன்ன மாதிரி பிளேட ரோலருக்கு கீழ இருந்து 22 மில்லிமீட்டர் எறக்கி வெக்க ஒரு பிராக்கெட் இன்னைக்கு மதியம் மில்லிங்ல போட்டுட்டோம். மார்க்கெட்ல இருந்து ரெண்டு கிலோ தாளோட வாங்கி விட்டுப் பாத்தேன், கழுத்து நிக்குது, ஆனா கொத்து இன்னும் தோல் உரியுது, பத்துக்கு மூணு. ரப்பர இன்னும் மெத்துனு இருக்கறதா மாத்தணும் போல. வர்ற வியாழக்கிழமை வேளாண் காலேஜுக்கு மெஷின எடுத்துட்டு போறேன், தம்பி, அதுக்குள்ள ப்ரொவிஷனல் போட முடியுமா? உங்க ஆபீஸ் பக்கம் தெரிஞ்ச பேட்டன்ட் ஏஜென்ட் இருந்தா மெசேஜ்ல சொல்லுங்க.

ஆடிட்டர் ஆபீஸ் தம்பி:

போடலாம் சார். ப்ரொவிஷனலுக்கு படமும் எப்படி வேல செய்யுதுங்கற விளக்கமும் இருந்தா ஆச்சு, நீங்க நோட்டுல எழுதுனதே பாதி வேல. அந்த கழுத்து அளவுக்கு பிளேட ஏத்தி எறக்கற பிராக்கெட்டையும் சேத்து எழுதச் சொல்லுங்க, அத விட்டுடாதீங்க. மெசேஜ் போட்டிருக்கேன், பாருங்க.