சிறிய சமுதாயக் கல்லூரிக்கு ரோடியோ அணி மீண்டும் தேவையா?

கணக்கன்:
அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், செலவைக் காரணம் காட்டி ரோடியோ அணியை (காளை, குதிரைச் சவாரி, கயிறு வீசிக் கன்று பிடிப்பது போன்ற பண்ணை விளையாட்டுகளுக்கான அணி) கலைத்துவிட்ட ஒரு சிறிய இரண்டாண்டுக் கல்லூரி, உள்ளூர்ப் பண்ணையாளர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக அதை மறுபடி தொடங்கலாமா என்பதே கேள்வி. கூடாது என்பது என் கருத்து. கூடைப்பந்து அணியைக் கலைத்தால் பந்துகளை அலமாரியில் பூட்டி வைக்கலாம். பயிற்சிக்கு வாங்கிய காளைக்கோ விடுமுறையிலும் வைக்கோல் போட்டாக வேண்டும். அதோடு வேலி, மண் களம், கால்நடை மருத்துவர், காப்பீடு, குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகள் என்று செலவு நீள்கிறது. ஒரு பருவத்தில் ஏறத்தாழ பத்துப் போட்டிகள் நடக்கும். அவற்றில் பலவும் நூற்றுக்கணக்கான மைல் தொலைவில்தான்.

புல்வெளி:
செலவை எழுதிய நீங்கள் வரவை எழுதவில்லை. குதிரையைக் கல்லூரி வாங்குவதில்லை, மாணவர்களே கொண்டுவருகிறார்கள். பெரும்பாலும் லாயமும் களமும் பயிற்சியாளரும் கொடுத்தால் போதும். 2020-இல் வயோமிங் மாநிலத்தில் ஷெரிடன், ஜில்லெட் கல்லூரிகளை நடத்திய கல்லூரி நிர்வாக அமைப்பு பணநெருக்கடியில் விளையாட்டு அணிகளை ஒட்டுமொத்தமாக நிறுத்தியபோதும் ரோடியோவை மட்டும் விட்டுவைத்தது. கத்தி கழுத்துக்கு வந்த நேரத்திலும் ஒரு நிர்வாகம் அப்படிச் செய்திருக்கிறது என்றால், அந்த ஊர்க் கணக்கில் அது வெறும் செலவாக இருந்திருக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1949-இல் தொடங்கிய தேசியக் கல்லூரி ரோடியோ சங்கத்தின் விதிப்படி, போட்டியிடுபவர் முழுநேர மாணவராகப் பாடங்களை எடுத்துத் தேர்ச்சி நிலையையும் காக்க வேண்டும். பண்ணையை விட்டு வராத பிள்ளை கயிறு வீசுவதற்காகவே வந்து சேர்ந்து, வெல்டிங்கோ கால்நடைப் பராமரிப்போ கற்றுக்கொண்டு போகிறான் என்றால், சமுதாயக் கல்லூரி இருப்பது அதற்குத்தானே?

வெண்மதி:
இருவரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். 1989-இல் ஷையன் நகரில் லேன் ஃப்ராஸ்ட் என்ற காளைச் சவாரி உலகச் சாம்பியன், விதிப்படி தாக்குப்பிடிக்க வேண்டிய எட்டு விநாடிகளும் முழுமையாகச் சவாரி செய்து இறங்கிய பிறகு, அதே காளை முட்டி இறந்தார். அவருக்கு வயது 25. பாதுகாப்பு அங்கி பரவலானது அதன் பிறகுதான். ஆயினும் பதினெட்டு வயது மாணவனைக் காளையின் மேல் ஏற்றிவிட்டு அதைக் கல்வி நிறுவனத்தின் பெயரில் நடத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புல்வெளி:
ஞாயமான அச்சம்தான். அப்படியானால் காளை, முரட்டுக் குதிரைச் சவாரிகளை விட்டுவிட்டு, யார் விரைவாக முடிக்கிறார் என்று நேரம் பார்க்கும் போட்டிகளை மட்டும் வைத்துத் தொடங்கலாம்: இருவர் சேர்ந்து கயிறு வீசுவது, கன்றைக் கட்டுவது, பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டுவது.

வெண்மதி:
ஐயா, இங்கேதான் தலைகீழாகிறது. சவாரிப் போட்டியில் அடிபடுவது பெரும்பாலும் மனிதன். காளையைத் துள்ள வைக்க அதன் இடுப்பில் கட்டும் பட்டையைப் பற்றி என்னென்னவோ சொல்கிறார்கள். அது விதைப்பையில் கட்டப்படுவதில்லை, சவாரி முடிந்ததும் அவிழ்த்துவிடவும் படுகிறது. கன்று கட்டுவதில் நடப்பது வேறு. பாய்ந்து ஓடும் கன்றின் கழுத்தில் சுருக்கு விழுகிறது. கயிற்றின் மறுமுனை சேணத்தில் கட்டப்பட்டிருக்கிறது. குதிரை சட்டென்று நிற்கிறது. அந்த ஓட்டத்தின் வேகம் முழுவதும் கன்றின் கழுத்தில்தான் போய் முடிகிறது. பிறகு அதைத் தரையில் சாய்த்து மூன்று கால்களைக் கட்டுகிறார்கள். மாணவனுக்கு ஆபத்தானதை நீக்கிவிட்டு, கன்றுக்கு ஆபத்தானதை வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்கள். பிரிட்டனில் 1934-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட போட்டிகளை ஏறக்குறைய முடக்கிவிட்டது.

கணக்கன்:
வெண்மதி அவர்கள் சொன்னதை வைத்தே ஒரு வழி தெரிகிறது. பெண்களுக்கான கயிறு வீச்சில் கயிற்றைச் சேணத்தோடு மெல்லிய நூலால்தான் பிணைக்கிறார்கள். கயிறு இறுகியதும் நூல் அறுந்து, கன்று கயிற்றோடு ஓடிவிடுகிறது, அந்தக் கணத்தில் கடிகாரமும் நிற்கிறது. இழுத்து வீழ்த்தும் வேலையே இல்லை. ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் புள்ளிகள் தனித்தனி. பெண்கள் அணிக்கு நால்வரின் புள்ளிகளே சேரும். ஆகவே நான்கு பெண்கள், அவர்களின் குதிரைகள், பயிற்சிக்குச் சில கன்றுகள் என்று தொடங்கினால், நான் முதலில் எழுதிய பட்டியலில் காளைத் தீவனம் போன்றவை அடிபட்டுப் போகின்றன. இதை மட்டும் நான் எதிர்க்க மாட்டேன். ஆனால் பயிற்சியாளர் சம்பளத்துக்கு முதல் சில ஆண்டுகளுக்காவது நன்கொடையாளர்கள் எழுத்தில் உறுதி தர வேண்டும்.

புல்வெளி:
நன்கொடை தருபவர்கள் காளைச் சவாரி பார்க்க வருபவர்கள். அது இல்லாமல் உள்ளூர்ப் போட்டிக்கு நுழைவுச்சீட்டு விற்றுக்காட்டுங்கள் பார்ப்போம்.

வெண்மதி:
அதுவும் ஒரு சிக்கல்தான். உங்கள் அணியில் காளை ஏறுபவர் ஒருவரும் இல்லாவிட்டாலும், உங்கள் களத்தில் வட்டாரப் போட்டியை நடத்தினால் போட்டிக்கு விலங்குகளைத் தரும் ஒப்பந்ததாரர் காளைகளை லாரியில் கொண்டுவந்து இறக்குவார், பிற கல்லூரி மாணவர்கள் ஏறுவார்கள். ஆகவே அணியைத் தொடங்குவதையும் போட்டியை நடத்துவதையும் நிர்வாகக் குழு தனித்தனித் தீர்மானங்களாக வைக்கட்டும். முதலாவதற்கு நான் தயக்கத்தோடு கை தூக்குவேன், இரண்டாவதற்கு மாட்டேன்.