முதல் தடவை இசைக்குழுவுக்குக் கண்டக்டராக நிற்கப் போகிறேன், அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தர்மபுரி_வயலின்:

எல்லோருக்கும் வணக்கம். பதினாறு வருஷமாகக் கர்நாடக வயலின் வாசிக்கிறேன், ஸ்டாஃப் நோட்டேஷன் (மேற்கத்திய இசைக் குறிப்பு) ஓரளவு படிப்பேன். டிசம்பரில் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சி. ஆர்கெஸ்ட்ரா என்றதும் திருவிழா மேடையில் சினிமாப் பாட்டுப் பாடும் குழு என்று நினைத்துவிட வேண்டாம். ஹாண்டெல் என்ற மேற்கத்திய இசையமைப்பாளரின் அல்லேலூயா கோரஸ். பெண்களில் சோப்ரானோ, ஆல்டோ, ஆண்களில் டெனர், பேஸ் என்று நாலு குரலில் பாட 26 பேர், ஒன்பது வயலின், பெங்களூரில் இருந்து வரும் இரண்டு செலோ, ஓபோ என்ற ஊதுகுழலுக்குப் பதில் ஒரு கீபோர்டு, டிரம்பெட்டுக்குக் கல்யாண பேண்டு செட்டில் வாசிக்கும் இரண்டு அண்ணன்கள். இதுவரை எங்களை நடத்தி வந்தவர் வேலை மாற்றலாகிப் போய்விட்டார். எல்லோரும் சேர்ந்து என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

நாலு தட்டுக்கான கை அசைவு தெரியும்: கீழே, இடது, வலது, மேலே. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று போட்டால் சரியாக வருகிறது. ஆனால் நேற்று ஒத்திகையில் தொடக்கத்திலேயே ஆளுக்கொரு நேரத்தில் நுழைந்தார்கள், அப்புறம் போகப் போக வேகம் இறங்கிக்கொண்டே வந்து, முடிவுக்கு வரும்போது பாடுகிறவர்களுக்கு மூச்சே போதவில்லை. பதற்றம் வந்தால் என் கை தானாக ஆதி தாளத்துக்குப் போய்விடுகிறது. கடைசி அல்லேலூயாவுக்கு முன்னால் எல்லோரும் சட்டென்று நிறுத்த வேண்டிய மௌனம் ஒன்று இருக்கிறதே, அங்கே யாராவது ஒருவர் உள்ளே விழுந்துவிடுகிறார்கள். இந்த இசை எனக்கு உயிர், அதைக் கெடுத்துவிடக் கூடாது. நின்று பழகியவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_வயோலா:

மேடம், நான் நடத்தியதில்லை, ஆனால் பெங்களூரில் இரண்டு அமெச்சூர் குழுக்களில் வாசித்திருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனாகச் சொல்கிறேன். வேகம் இறங்குவதற்குக் காரணம், நீங்கள் எங்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கை போடுகிறீர்கள். நாங்களோ உங்கள் கையைப் பார்த்து வாசிக்கிறோம். நீங்கள் எங்களுக்காகக் காத்திருக்க, நாங்கள் உங்களுக்காகக் காத்திருக்க, ஒவ்வொரு தட்டிலும் துளித்துளியாகப் பின்னால் போய்க்கொண்டே இருப்போம். நீங்கள் பழகிய தாளம், நடந்துகொண்டிருப்பதை அளக்கும் கை. இங்கே வேண்டியது அடுத்து வரப் போவதைச் சொல்லும் கை. அதனால் சத்தம் உங்கள் கைக்கு ஒரு நூல் பின்னால் வருவதுபோலத் தோன்றினால் பயந்து நிற்காதீர்கள், அப்படித்தான் தோன்றும், நீங்கள் போய்க்கொண்டே இருங்கள்.

தொடக்கத்துக்கு வருகிறேன். முதல் தட்டைக் காட்டினால் போதாது, அதற்கு முந்தைய தட்டைக் காட்ட வேண்டும். எந்த வேகத்தில் வாசிக்க வேண்டுமோ அதே வேகத்தில் கையை மேலே தூக்கிக்கொண்டே மூச்சை இழுங்கள். அந்த மூச்சின் நீளம்தான் வேகம். வில்லைத் தூக்கி வைத்திருக்கும் எங்களுக்கும் பாடுகிறவர்களுக்கும் அதைவிடத் தெளிவான சேதி கிடையாது. இது உங்களுக்குப் புதுசும் இல்லை. தாளம் தொடங்கி அரை இடம் தள்ளி எடுக்கும் ஒரு பல்லவியில் மிருதங்கக்காரரைப் பார்த்து ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தானே வில்லைப் போடுகிறீர்கள்?

இன்னொன்று, இடது கையும் வலது கை செய்வதையே செய்ய வேண்டாம். அது சும்மா இருக்கட்டும். ரொம்ப நேரம் வாசிக்காமல் உட்கார்ந்திருப்பவர்களை உள்ளே அழைக்கும் நேரத்தில் மட்டும் எழுந்தால், அதற்குத் தனி மரியாதை வரும்.

காவேரிப்பட்டினம்_சார்:

அம்மா, நான் ஒரே ஒரு முறை நின்றிருக்கிறேன், அதுவும் ஒரு கல்யாண மண்டபத்தில்தான். அந்த அனுபவத்தைச் சொல்கிறேன். மேடைக்குப் போய் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள், பின்சுவரில் பட்டு எப்படித் திரும்பி வருகிறது என்று கேளுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். பின்சுவர் 17 மீட்டரில் இருந்தால் போய்த் திரும்ப நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். மெட்ரோனோம் 100, அதாவது நிமிடத்துக்கு 100 தட்டு என்றால் ஒரு தட்டு 0.6 நொடி, ஆக எதிரொலி ஒரு தட்டில் ஆறில் ஒரு பங்கு தாமதமாக உங்கள் காதுக்கு வருகிறது. அதைக் கேட்டுக் கை போட்டால் மேலே தம்பி சொன்ன சறுக்கல் இரண்டு மடங்காகும். ஜனம் வந்து உட்கார்ந்ததும் எதிரொலி நன்றாகக் குறையும், அதனால் காலியான மண்டபத்து ஒத்திகையைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

பெடஸ்டல் ஃபேன் வைப்பார்கள், துணி காயப்போடும் கிளிப் ஒரு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தின் மூலையில் போடாதீர்கள், புரட்டும்போது மாட்டும்.

நான் செய்த பெரிய தவறு, தலையை ஸ்கோருக்குள், அதாவது எல்லோருடைய பகுதியும் எழுதிய இசைத்தாளுக்குள், புதைத்துக்கொண்டது. டெனர்கள் நுழைய வேண்டிய இடத்தில் நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டே, நுழையாமல் நின்றார்கள். அந்த நாலு முகங்களும் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. பாதியையாவது மனப்பாடம் செய்துவிடுங்கள். கில்பர்ட் கப்லான் என்ற அமெரிக்கரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். பத்திரிகை நடத்திய தொழிலதிபர். 1965இல் மாலர் என்ற இசையமைப்பாளரின் இரண்டாவது சிம்பொனியைக் கேட்டு அதிலேயே விழுந்துவிட்டார். நாற்பது வயதில் பாடம் எடுத்துக்கொண்டு, 1982இல் நியூயார்க்கில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைத் தானே அமர்த்தி அதை நடத்தினார். அப்புறம் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவும் செய்தார். 2008இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்தியபோது அந்தக் குழுவிலேயே ஒருவர் அவரைக் கடுமையாக விமர்சித்து எழுதினார், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒரே ஒரு படைப்பை வருஷக்கணக்கில் கரைத்துக் குடித்தவர் அவர். உங்களுக்கும் ஒரே படைப்பு, ஐந்து வாரம் இருக்கிறது. அது குறைந்த காலம் இல்லை.

பென்னாகரம்_பம்பை:

அக்கா, எனக்கு நோட்டேஷன் தெரியாது. எங்கள் வீட்டில் பம்பை அடிப்பார்கள், மாரியம்மன் பண்டிகை என்றால் பெரியப்பா தலைமையில் போவோம். இரண்டே விஷயம் சொல்கிறேன். பேண்டு செட் அண்ணன்களிடம் தாளக் கட்டத்தை எண்ணி முப்பதாவது பார், நாற்பதாவது பார் என்று சொல்லாதீர்கள். அவர்கள் எண்ணிப் பழகியவர்கள் இல்லை, பாட்டைக் காதில் பிடிப்பவர்கள். பாடுகிறவர்கள் எந்த வார்த்தையில் இருக்கும்போது இவர்கள் ஊத வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், ஜென்மத்துக்கும் தப்பாது. அதற்குக் கொஞ்சம் முன்னாடியே ஒரு பார்வை பாருங்கள், வாத்தியத்தை வாயில் வைக்க நேரம் வேண்டும் இல்லையா.

நீங்கள் கேட்ட அந்த மௌனத்துக்கு, எங்கள் பெரியப்பா செய்வதைச் சொல்கிறேன். அவர் நிறுத்தப் போகிறார் என்பது நிறுத்தும் இடத்தில் தெரியாது, அதற்கு முந்தின அடியிலேயே தெரிந்துவிடும். கைதான் அடிக்கும், தோளும் கழுத்தும் ஏற்கெனவே நின்றிருக்கும். சுற்றி அடிக்கிற எல்லோருக்கும் அது போதும்.

ஓசூர்_வயோலா:

தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. மேடம், அந்த மௌனத்தில் தட்டு எண்ணிக் கையை அசைக்காதீர்கள். அசைந்தால் யாராவது நுழைவார்கள். கை மேலேயே நிற்கட்டும். கடைசி அல்லேலூயா வேகம் குறைந்து அகலமாக வரும், ஆகவே அதற்கான மூச்சையும் அதே அளவு நிதானமாக இழுங்கள்.

தர்மபுரி_வயலின்:

நேற்று முடிந்தது. பதில் எழுதிய மூன்று பேருக்காகவும் இதை விரிவாக எழுதுகிறேன்.

காலையில் மண்டபத்தில் கைதட்டிப் பார்த்தேன், சார் சொன்னதுபோலவே சுவர் திருப்பித் தட்டியது. சாயங்காலம் ஜனம் நிறைந்ததும் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. மேடையில் ஏறி எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். மூச்சை இழுத்தபோது 26 பேரும் என்னோடு சேர்ந்து இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது, சன்னமாக, துணியை உதறுவதுபோல. அந்த ஒரு நொடியிலேயே பயம் போய்விட்டது. ஒன்பது வில்லும் ஒன்றாக இறங்கின. வயலின்காரியாக எத்தனையோ மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நான் வாசிக்காத ஒரு சத்தம் என் கைக்கு முன்னால் எழுந்து வந்தது இதுதான் முதல் தடவை.

டிரம்பெட் அண்ணன்களுக்கு வார்த்தைகளைத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். பெரியவர் அந்தக் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது வாத்தியத்துக்கு மேலே அவர் கண் ஏற்கெனவே என்மேல் இருந்தது.

பேஸ், டெனர், ஆல்டோ, சோப்ரானோ என்று ஒருவர் பின் ஒருவராக நுழையும் பகுதியில் கிளிப் மாட்டிப் பக்கம் புரளவில்லை. ஆல்டோக்களுக்குக் கை காட்ட மறந்துவிட்டேன். அவர்கள் தாங்களாகவே நுழைந்துவிட்டார்கள்.

அப்புறம் அந்த மௌனம். பென்னாகரம் தம்பி, முந்தின தட்டிலேயே என் தோளை நிறுத்தினேன்பா. ஒருவர்கூட உள்ளே விழவில்லை. ஃபேன் சுற்றும் சத்தமும், எங்கோ ஒரு குழந்தையின் கொலுசும், வெளியே ஹைவேயில் ஒரு லாரி ஹாரனும் கேட்டன. என் கை மேலே இருந்தது, எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஸ்வரம் முடிந்த பிறகும் கையை இறக்க எனக்கு மனசு வரவில்லை. நான் இறக்கும்வரை ஜனமும் தட்டாமல் காத்திருந்தது.

இன்று காலை வீடியோவை வைத்து அளந்து பார்த்தேன். மேடையில் முடிவே இல்லாததுபோலத் தெரிந்த அந்த மௌனம் இரண்டு நொடிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். வேகம் தொடக்கத்தில் 104, முடிவில் அந்த அகலமான இடத்துக்கு முன்னால் 101. மூன்று எங்கே போனது என்று தேடினேன். ஆல்டோ நுழையும் இடம், நான் குனிந்து கிளிப்பை இழுத்துக்கொண்டிருந்த அதே இடம். ஈஸ்டருக்குள் அந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்துவிடுவேன்.